முந்திரிக் கணக்கு

“கல்யாண வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு” என்பது மதுரைப் பக்கம் இன்றும் காதில் விழும் பேச்சு. வீசம் என்றால் பதினாறில் ஒன்று. முக்காலோடு மூன்று வீசத்தைக் கூட்டினால் பதினாறில் பதினைந்து. பாக்கி ஒரு வீசம்தான். சொல்கிறவர் கூட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. கொள்ளுத்தாத்தா போட்ட கணக்கு அவர் நாக்கில் தங்கியிருக்கிறது.

அந்தக் கணக்குக்கு அடித்தளம் 320 என்ற எண்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்த காலம் அது. ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூற்றுக்கு முந்திரி என்று பெயரிட்டிருந்தார்கள். இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு காணி, எட்டு அரைமா, பதினாறு மா, இருபது மாகாணி, நாற்பது அரைக்கால், எண்பது கால். மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: பதினாறும் நான்கும் இருபது. பெயருக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது! வீசத்துக்கு இன்னொரு பெயர்தான் மாகாணி.

ஏன் 320? நெல் அளப்பவருக்குப் பாதி, பாதியில் பாதி என்று போக வேண்டும்: படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு. நிலம் அளப்பவருக்கோ வேலிக்கு இருபது மா. பதினாறாலும் இருபதாலும் மிச்சமின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 80. அதை இருமுறை இரட்டித்தால் 320. ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகி வந்த எண் அது. களத்துமேட்டுக் கணக்கும் வரப்புக் கணக்கும் ஒரே ஏட்டில் பின்னமில்லாமல் உட்கார்ந்தது அதனால்தான்.

மூன்று மட்டும் முரண்டு பிடிக்கும். 320ஐ மூன்றாகப் பங்கிட்டால் 106 போக இரண்டு மிஞ்சும். ஆனால் முந்திரியோடு கணக்கு நிற்கவில்லை. அதையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று. பாண்டியர் கல்வெட்டுகளிலும் வேலி, மா, காணி என்றே நிலம் பேசப்படுகிறது. சோழர் நிலக்கணக்கோ வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை இறங்கியது என்று வரலாற்று நூல்கள் வியக்கும். நான்கு 320களை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்; அதே எண் வரும். வியப்புக்குரியது அளந்த கயிறு அல்ல, எழுதிய முறை.

1957 ஏப்ரல் முதல் தேதி நயாபைசா வந்தது. ரூபாயின் வீசமாக இருந்த அணா போனது. நிலம் அதற்கு முன்பே ஏக்கர், சென்ட் ஆகியிருந்தது. 1980இல், ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் பதவியும் ஒழிந்தது. பதவி பரம்பரைச் சொத்தாக இருந்தது ஒழிந்தது நல்லதே. கூடவே அந்தக் கணக்கையும் கைகழுவியது நியாயமில்லை. வீசம் தசமத்தில் 0.0625, முந்திரியில் இருபது. சிறுபிள்ளையின் மனத்துக்கு எது எளிது?

பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது ஓலைச்சுவடிகள் தேடிச் சேர்க்கப்பட்டன. சோழவந்தானிலோ மேலூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஓலையோ பத்திரமோ கிடந்தால், தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். அதில் உள்ள பின்னக் குறிகளின் சுழிப்புகளைக் கணினியிலும் இப்போது எழுதலாம். 2019இல் யுனிகோடு தமிழுக்கென 51 பழங்குறிகளைப் புதிதாகச் சேர்த்தது. அந்த வரிசையில் முதல் இடம் முந்திரிக்கு.