கண்ணில் விழுந்த பூ

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் கருவிழியில் வெள்ளையாக எது தெரிந்தாலும் "கண்ணுல பூ விழுந்துருச்சு" என்பார்கள். சொல் ஒன்றுதான், அதற்குள் இருக்கும் வியாதிகள் பல.

நான் சிறுவனாக இருந்தபோது சின்னமனூரில் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு விதப் பூ இருந்தது. அப்பத்தாவின் இரு கருவிழிகளின் ஓரத்திலும் சாம்பல் நிற வளையம். பார்வைக்கு ஒரு குறையுமில்லை. தெருமுனையில் வருபவர் யாரென்று வாசலில் இருந்தே சொல்லிவிடுவார். பெரியப்பா மகன்கள் இருவருக்கோ கருவிழியின் நடுவில் புகைமூட்டம். பள்ளிக்கூட நாளிலேயே வெயிலில் கண் கூசும். முப்பது வயதுக்குள் எதிரில் நிற்பவர் முகம் தெரியாமல் போயிற்று. பெரியப்பா தன் அக்காள் மகளைக் கட்டியவர். ஊரோ "பெத்தவ செஞ்ச பாவம்" என்று பெரியம்மாவை மட்டுமே பேசியது. அந்தப் பேச்சைச் சுமந்தபடியே அவர் போய்ச் சேர்ந்தார்.

வைத்திய உலகமும் இதில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரக் கண்ணாடி போல இருப்பது கார்னியா. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான். 1890இல் ஜெர்மன் மருத்துவர் குரோனோவ் கார்னியாவில் முடிச்சு முடிச்சாக மூட்டம் இருந்த இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவருக்கும் ஒரே வியாதி என்றே நினைத்தார். அவை இரு வேறு பரம்பரை வியாதிகள் என்று பிற்பாடு தெரிந்தது. 1938இல் பியூக்லர்ஸ் என்பவர் குடும்பங்களின் வம்சாவளியை ஆராய்ந்து அவற்றைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். மற்றது, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு வரும். இந்த இரண்டாவதற்குக் காரணமான ஜீன் 2000இல் கண்டுபிடிக்கப்பட்டது. சொந்தத்தில் கட்டும் வழக்கமுள்ள தென்னிந்தியக் குடும்பங்களில் இது அதிகம் காணப்படுகிறது.

வயதாலும் தேய்மானத்தாலும் வருவது வேறு கதை. அப்பத்தாவின் வளையம் கொழுப்புப் படிவு. முதுமையில் அது சகஜம். நாற்பது வயதுக்குள் வந்தால் மட்டும் ரத்தக் கொழுப்பைப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக வெயிலிலும் தூசியிலும் உழைப்பவர்களின் கார்னியாவில் மஞ்சள் துளிகள் போலப் படிவதுண்டு. நாள்பட்ட கண் அழற்சிக்குப் பின் சுண்ணாம்புச் சத்து பட்டையாகப் படிவதும் உண்டு. அம்மை, கதிர் குத்திய புண் ஆகியவற்றால் வந்த தழும்பு இவை இரண்டிலும் சேராது.

பிரித்தறிய மருத்துவர் கேட்பவை எளிய கேள்விகள்தான். எந்த வயதில் தொடங்கியது? ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? நடுவிலா, ஓரத்திலா? முன்பு புண், சிவப்பு இருந்ததா? கூடப் பிறந்தவர்களுக்கு உண்டா? சிறுவயதில், புண் எதுவும் இல்லாமல், இரு கண்களிலும் ஒன்றுபோல வந்தால் பரம்பரை என்று சந்தேகிக்க வேண்டும். விதிவிலக்கும் உண்டு. 1910இல் வியன்னாவின் ஃபூக்ஸ் விவரித்த வியாதி வம்சவழியாகவும் வரும், ஆனால் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான் பார்வையைக் கெடுக்கும். ஆகவே முடிவைக் கண் மருத்துவரிடமே விட வேண்டும்.

பார்வை மறைந்தவர்களுக்கும் வழி உண்டு. 1905 டிசம்பரில் ஓல்மூட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்பவர், சுண்ணாம்பு பட்டுக் கண் போன ஒரு கூலித் தொழிலாளிக்கு முதன்முதலாக வெற்றிகரமாகக் கார்னியா மாற்றினார். நம் நாட்டில் 1945இல் சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் முத்தையா முதல் கண் வங்கியைத் தொடங்கினார். 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், 1985இல் தேனிக்கே வந்துவிட்டது.

பெரியப்பாவின் இளைய மகனுக்கு மதுரையில் கார்னியா மாற்றினார்கள். அப்போது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "அப்பா அம்மா சொந்தமா?" என்பதுதான். பெற்றவர்கள் இருவர் கண்ணும் நன்றாக இருந்தாலும், ஆளுக்குப் பாதியாக அவர்களுக்குள் அது மறைந்திருந்தது என்றும், அதில் யார் குற்றமும் இல்லை என்றும் விளக்கினார். கட்டுப் பிரித்த பிறகு அவன் முதலில் கேட்டது பெரியம்மாவின் போட்டோவை.

அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டுகிற ஊர் நம் ஊர். வரன் பார்க்கும்போது இரு வீட்டிலும் இப்படி யாருக்கேனும் கண் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இறந்த பின் 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள். கண்ணாடி போட்டவர்களும், புரை ஆபரேஷன் ஆனவர்களும்கூடக் கொடுக்கலாம். நான் என் வீட்டில் சொல்லிவிட்டேன்.