நாற்பது பைசா வலை

போன மாதம் இங்கே புனேயில், எங்கள் கிளை கடன் கொடுத்திருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் போயிருந்தேன். வாசலிலேயே எனக்குப் பளபளவென்று ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். ஏழாவது மாடியில் வெறும் தலையோடு சாரத்தில் நின்றிருந்த ஒருவர், நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "தமிழா சார்? நமக்குத் திருவண்ணாமலைப் பக்கம்" என்றார். "ஹெல்மெட் எங்கேண்ணே?" என்றேன். "அதெல்லாம் உங்களை மாதிரி வர்றவங்களுக்கு சார்" என்று சிரித்தார்.

அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். பி.காம் படித்தவனுக்குப் பாலத்தைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? கணக்கு தெரியுமே!

1933 ஜனவரியில் அந்த வேலை தொடங்கியது. அந்தக் காலத்தில் அங்கே பெரிய கட்டுமானங்களுக்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு: பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர். பாலத்தின் செலவு 3.5 கோடி டாலர். அப்படியானால் 35 பேர்! வட்டி விகிதம் மாதிரி சாவுக்கும் விகிதம்.

தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் போடும் தொப்பியை எட்வர்ட் புல்லார்ட் என்பவர் பாலத்து வேலைக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். அதை எல்லோரும் போட்டே ஆகவேண்டும். உயரத்தில் நின்று வித்தை காட்டினால் சீட்டு கிழிந்துவிடும். பெருமந்தக் காலம், வேறு வேலை கிடைக்காது. அதனால் சொன்னபடி கேட்டார்கள்.

அடுத்து, பாலத்தின் அடியில் நெடுக ஒரு வலை கட்டினார்கள். செலவு சுமார் 1,30,000 டாலர். நூறு ரூபாய்க்கு நாற்பது பைசாகூட வரவில்லை! அதில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். 'நரகத்துக்குப் பாதிவழி சங்கம்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். வலை இருக்கும் தைரியத்தில் வேலையும் வேகமாக நடந்தது.

ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று, ஆட்கள் நின்றிருந்த மேடையே பிய்ந்து வலைமேல் விழுந்தது. மனிதர்களைத் தாங்கிய வலை அந்தக் கனத்தைத் தாங்கவில்லை. 10 பேர் இறந்தார்கள். அதற்கு முன் நான்கு வருஷத்தில் இறந்தவர் ஒரே ஒருவர். மொத்தம் 11. 35 அல்ல.

"நம்ம ஆளுங்க சொன்னா கேக்க மாட்டாங்க சார்" என்று எந்த சைட்டுக்குப் போனாலும் சொல்வார்கள். கேட்க வைக்க அங்கே முதலில் முதலாளி காசு போட்டார், பிறகு கண்டிப்புக் காட்டினார். பழக்கம் அதற்குப் பிறகு தானாக வந்தது. நம் நாட்டிலும் 1996ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று தனிச்சட்டம் வந்தது. சட்டத்தைத் தலையில் மாட்ட முடியாதே.

எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் படிவத்தில் எத்தனை ஸ்லாப், எத்தனை சதவீதம் வேலை என்று கட்டங்கள் உண்டு. தலைகளுக்குக் கட்டம் இல்லை. இத்தனை வருஷமாக நானும் அதைக் கவனித்ததில்லை. இந்த முறை குறிப்புப் பகுதியில் எழுதினேன். போன வாரம் மறுபடி போனபோது பாதிப் பேர் தலையில் ஹெல்மெட் இருந்தது. அந்த அண்ணன் மட்டும் இல்லை. வேறு சைட்டுக்குப் போய்விட்டாராம். அங்கே கொடுத்திருப்பார்களா, தெரியவில்லை.

கடன் வாங்கி வீடு கட்டும் நம்மவர்களுக்கு ஒன்று. உங்கள் பிளாட் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கப் போனால் உங்களுக்கும் ஒரு ஹெல்மெட் தருவார்கள். போட்டுக்கொண்டு, ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.