இலையும் எண்ணெயும்

கண்டியிலிருந்து மாத்தளை வழியாகச் சீகிரியாவுக்குச் செல்வோர், சாலையோரங்களில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பலவற்றைக் காண்பர். கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய் ஆகியவற்றோடு மூலிகைத் தைலங்களும் அங்கே விலைக்குக் கிடைக்கும். வலித் தைலங்கள் பலவற்றைத் திறந்தவுடன் எழும் குளிர்ந்த மணம் புதினா இனத்துக்கு உரியது. அவ்வினத்துள் பெரும்புகழ் பெற்றது பெப்பர்மின்ட். அதனால் விளையும் நன்மை யாது? தீமை யாது?

ஈழநாட்டு மருத்துவம் மிகப் பழைமை வாய்ந்தது. காசியப்ப மன்னன் 477 முதல் 495 வரை சீகிரியாவிலிருந்து அரசாண்டான். அக்குன்றுக்கு வடமேற்கே உள்ள மிகிந்தலையில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவமனையின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. மனித உடல் வடிவில் குடையப்பட்ட கற்றொட்டி ஒன்று அங்கே காணப்படுகிறது. நோயாளியை அதிற் கிடத்தி மூலிகைத் தைலத்தில் ஊறவைத்தனர் என்பர் ஆய்வாளர். மருந்தும் மருத்துவனும் அன்று ஒரே கூரையின்கீழ் இருந்தனர்.

பெப்பர்மின்ட் அக்காலத்து மூலிகை அன்று. நீர்ப்புதினாவும் ஈட்டிப்புதினாவும் கலந்து தோன்றிய கலப்பினம் அது. இங்கிலாந்தில் ஜோன் ரே என்னும் தாவர அறிஞர் 1696இல் அதனை விவரித்தார். 1721இல் இலண்டன் மருந்து நூலில் அது இடம்பெற்றது. வளமான விதை தராத செடியாதலின், ஓடுதண்டுகளைப் பிரித்து நட்டே அதனைப் பெருக்குவர்.

இலையை வெந்நீரிலிட்டுப் பருகிய காலத்தில் அதன் ஆற்றல் மென்மையாகவே இருந்தது. உலர்ந்த இலை நூறு பங்கில் எண்ணெய் ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று பங்கே. ஆவியில் வடித்தெடுக்கும் முறை வந்தபின், கைப்பிடி இலைகளின் வீரியம் சில துளிகளில் அடங்கிற்று. அவ்வெண்ணெயில் நூற்றுக்கு 30 முதல் 55 பங்கு வரை மெந்தோல் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் மெந்தோல் வணிகத்தில் யப்பான் முதன்மை பெற்றிருந்தது. அந்நாட்டுப் புதினாவை வளர்த்து இன்று முன்னிற்பது இந்தியா. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டம் அதற்குப் பெயர்போனது.

இதன் நன்மை வெறும் நம்பிக்கையன்று. மெந்தோல் குடற்றசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஆதலின், குடல் எரிச்சல் நோயினால் அல்லலுறுவோருக்கு இதனைப் பரிந்துரைக்கலாம் என அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2021இல் வழிகாட்டிற்று. தோலில் தோன்றும் குளிர்ச்சியோ உண்மைக் குளிர்ச்சி அன்று. குளிரை உணரும் நரம்பு வாயிலை மெந்தோல் தூண்டுவதால் எழும் உணர்வே அது என்பதை 2002இல் ஆய்வாளர் நிறுவினர்.

தசையைத் தளர்த்தும் அதே ஆற்றல் தீங்கும் செய்யும். உணவுக்குழாயின் கீழ்வாய் தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறும்; நெஞ்செரிச்சல் உள்ளோருக்கு அது மிகும். எண்ணெய்க் குளிகைகளை அமில முறிவு மருந்தோடு உட்கொண்டால், மேலுறை குடலை அடையுமுன் கரைந்துவிடும். பித்தப்பைக் கல் உடையோர் மருத்துவரைக் கேளாது இதனை உண்ணலாகாது. கலப்பில்லாத எண்ணெய் தோலைப் புண்ணாக்கவுங்கூடும்.

யாவற்றினும் கொடியது குழந்தைக்கு நேரும் ஆபத்து. சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கருகே அன்பு மிகுதியால் தைலத்தைத் தடவுவோர் உளர். மெந்தோலின் வீறு, குழந்தையின் மூச்சை அக்கணமே தடைப்படுத்தக்கூடும்.

மிகிந்தலையில் மருத்துவன் அருகிருந்து அளவைக் காத்தான். இன்றோ குப்பி தனியே வீட்டுக்கு வருகிறது. அளவைக் காக்கும் பொறுப்பும் அதனுடன் வீட்டாரைச் சேர்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி இலைக்குப் பொருந்துவதைவிட எண்ணெய்க்குப் பன்மடங்கு பொருந்தும்.