சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனும் கார்டு டோக்கனும்

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் புனேயில் இருந்தபடி கார்டில்தான் கட்டுகிறேன். 16 எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டச் சோம்பல்பட்டு, கேட்ட இணையக் கடையில் எல்லாம் சேமித்து வைத்திருந்தேன். ஒரு கடையில் திருட்டுப் போனாலும் எண் போச்சு என்பது அப்போது உறைக்கவில்லை.

ரிசர்வ் வங்கிக்கு உறைத்தது. 2019 ஜனவரியில் மொபைல், டேப்லெட் வழிப் பணம் கட்ட டோக்கன் முறையை அனுமதித்தது. 2020 மார்ச்சில், கடைகள் கார்டு விவரத்தை வைத்திருக்கக் கூடாது என்றது. 2021 செப்டம்பரில், சேமித்த எண்ணுக்குப் பதில் டோக்கன் வைக்க வழிவிட்டது. கெடு 2021 டிசம்பர், 2022 ஜூன் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் 2022 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது.

டோக்கன் என்றால் நம்மூர் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரிதான். அந்த ஸ்டாண்டில் மட்டுமே செல்லும், பக்கத்து ஸ்டாண்டில் வெறும் தகரம். ஒரே கார்டுக்குக் கடைக்கு ஒரு டோக்கன். நம் சம்மதமும் ஓ.டி.பி.யும் இல்லாமல் அது உருவாகாது. அசல் எண்ணில் கடைசி நாலு மட்டும் கடையில் இருக்கலாம்.

எந்தெந்தக் கடையில் உங்கள் டோக்கன் இருக்கிறது என்று உங்கள் வங்கியிலேயே பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வேண்டாததை நீக்கிவிடுங்கள். நான் நீக்கிவிட்டேன், அம்மாவின் மருந்துக் கடையைத் தவிர.