பேராதனைச் சோளக் கதிர்கள்

கண்டிக்கு அணித்தாய் மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு என் மாணவரைப் பன்முறை அழைத்துச் சென்றுள்ளேன். மரங்களைக் காட்டினேன், ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத் தவறினேன்.

1902இல் அங்கு வந்த றொபேட் ஹீத் லொக் என்னும் ஆங்கிலேயர், பட்டாணியையும் சோளத்தையும் கலப்பினஞ் செய்து, கதிர் கதிராக மணிகளை எண்ணினார். சில குணங்கள் பிரியாது சேர்ந்தே வழிவழி வருவதேன்? அவற்றின் பரம்பரையலகுகள் ஒரே நிறமூர்த்தத்தில் அமைந்திருக்கலாமென 1906இல் வெளியான தம் நூலிற் கருதினார். நிறுவச் சான்று அவரிடம் இருக்கவில்லை.

1911இல் நியூயோர்க்கில் மோர்கன் அதனைப் பழ ஈக்களிற் கண்டார். அண்மையிலுள்ள அலகுகள் அரிதாகவும், சேய்மையிலுள்ளவை அடிக்கடியும் பிரியும். அதையே அளவுகோலாக்கி, அவர்தம் மாணவர் ஸ்ரேட்டவன்ற் 1913இல் ஆறு அலகுகளை ஒரே கோட்டில் நிறுத்தி முதற் படத்தை வரைந்தார். அக்குழுவினரான மல்லர், மாணவப் பருவத்திலேயே லொக்கின் நூலைப் படித்தவர்.

லொக் 1915இல், 36 வயதில் காலமானார்.