சாத்துக்குடி வந்த வழி

கொல்லையில் நிற்கும் ஒரு மரத்தை நாம் சாத்துக்குடி என்கிறோம். அதே மரத்தைக் கடற்கரை ஆந்திரத்தார் பத்தாயி என்பர். இராயலசீமையார் சீனி என்பர். அதன் உடன்பிறப்பான மற்றொரு வகையை மராட்டியர் மோசம்பி என்பர். இப்பெயர்களுள் ஒன்றேனும் பழத்தின் சுவையையோ நிறத்தையோ சொல்லவில்லை. எல்லாம் ஊர்ப்பெயரின் சாயல் கொண்டவை. சீனி என்பது சீனத்தைச் சுட்டும். மோசம்பி மொசாம்பிக்கையும், பத்தாயி இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவையும் நினைவூட்டும் என்பர். சாத்துக்குடி என்பதோ, குடியாத்தத்திற்கு அண்மையில் உள்ள சாத்கர் என்னும் மலையடி ஊரின் பெயர் திரிந்தது என்று கருதுவோர் உண்டு. ஆர்க்காட்டு நவாபின் தோட்டங்களும் ஆரஞ்சுப் பழங்களும் அவ்வூருக்குப் பெயர் தேடித்தந்தவை. ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழும் குடும்பங்கள் இம்மரத்திடம் சற்று உறவு பாராட்டலாம். அதுவும் குடிபெயர்ந்து வந்ததே.

எனினும் இக்குடும்பத்து மரங்கள் யாவும் நமக்கு அயலானவை அல்ல. நாரத்தை நம்முடையது. வடமொழி நாரங்கம், பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், ஸ்பானிய நரஞ்சா, ஆங்கில ஆரஞ்சு எனச் செல்லும் சொல்வழியின் ஊற்றைத் திராவிட மொழிகளில் காணும் அறிஞர் பலர். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட நிழலைத் தந்த குருந்தும், காட்டெலுமிச்சை என்று வழங்கும் இவ்வினத்து உறவே. வில்வமும் விளாவும் கறிவேப்பிலையும் அதே பெருங்குடும்பத்தின. கறிவேப்பிலையைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

பாலசமுத்திரம் முதலிய ஊர்கள் விளங்கும் சித்தூர், திருப்பதிச் சீமை, 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. சித்தூரே அம்மாவட்டத்தின் தலைநகர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக்கோடுகள் இவ்வாறு பலமுறை மாறினும் மண் மாறவில்லை. சமுத்திரம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் ஏரியை நம்பி வாழ்ந்த ஊர்களின் பெயர்கள். ஏரி நிறைந்த ஆண்டும் வறண்ட ஆண்டும் மாறிமாறி வரும் இத்தகைய நிலத்தில், நீர் தேங்கினாலும் வாடி, நீர் அற்றாலும் வாடும் சாத்துக்குடியை நிலைநிறுத்துதல் எளிய செயல் அன்று.

இம்மரத்தின் நலத்தை அறிய விரும்புவோர் முதலில் உணர வேண்டியது, கொல்லையில் நிற்பது ஒரு மரம் அன்று, இரண்டு மரம் என்பதே. கனி தரும் மேற்பகுதி ஒரு வகை. மண்ணுள் வேர்விட்ட அடிப்பகுதி வேறொரு வகை. இரண்டும் ஓரிடத்தில் மொட்டுக் கட்டி இணைக்கப்பட்டவை. மனிதன் ஏன் இவ்வாறு செய்யத் தொடங்கினான் என்பதே இதன் வரலாறு.

முற்காலத்தில் இனிப்பு ஆரஞ்சைப் பல நாடுகளில் விதையிலிருந்தே வளர்த்தனர். அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகள் இலண்டனுக்குக் கப்பல் கப்பலாய்ப் பழம் அனுப்பிச் செழித்தன. 1834 அளவில் அங்கே மரங்களின் அடித்தண்டு வெடித்துப் பிசின் வடிந்து பட்டுப்போகத் தொடங்கியது. ஈரமண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியால் வேரும் அடிப்பட்டையும் அழுகும் நோய் அது. அடுத்த சில பத்தாண்டுகளில் மத்தியதரைக் கடற்கரைத் தோட்டங்களையும் அது தாக்கியது. புளிப்பு ஆரஞ்சின் வேர் அந்நோயைத் தாங்கக் கண்டு, அதன் வேர்ச்செடி மீது இனிப்பு ஆரஞ்சை ஒட்டுக் கட்டினர். நோய் அடங்கியது. உலகமெங்கும் அம்முறை பரவியது.

நூறாண்டு செல்லுமுன் அம்மருந்தே கேடாயிற்று. 1930களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் புளிப்பு ஆரஞ்சு வேரில் நின்ற மரங்கள் கூட்டங்கூட்டமாக வாடி மாண்டன. பிரேசில் மக்கள் அந்நோய்க்கு இட்ட பெயர் டிரிஸ்டெசா. போர்ச்சுகீசிய மொழியில் துயரம் என்று பொருள். மரத்தின் நோய்க்கு மனிதன் தன் உணர்வின் பெயரையே இட்ட இடம் வேறு உண்டோ, நாம் அறியோம். 1946-இல் மெனகினி என்னும் ஆய்வாளர், அசுவினிப் பூச்சி அந்நோயைச் சுமந்து செல்வதை மெய்ப்பித்தார். அது வைரஸ் நோய். மேல்மரமும் வேர்ச்செடியும் தனித்தனியே நோயைப் பொறுத்துக்கொள்ளினும், அவை கூடிய கூட்டு பொறுக்கவில்லை.

அவ்வைரஸ் நம் நாட்டிலும் உண்டு என்பதை 1958-இல் வாசுதேவாவும் கபூரும் உறுதிசெய்தனர். பிரேசிலைப் போன்ற பேரழிவு இங்கே நேராமைக்குக் காரணம், நம் தோட்டக்காரர் நெடுங்காலமாகப் புளிப்பு ஆரஞ்சை நாடாமல் ஜம்பிரி என்னும் முரட்டு எலுமிச்சையின் வேரிலேயே ஒட்டுக் கட்டி வந்ததுதான். அவ்வேர் வைரசுக்கு அஞ்சுவதில்லை. ஆனால் எலுமிச்சை மரம் அந்நோய்க்கு நேரே இரையாகும். நோயுற்ற எலுமிச்சையின் இளவிலையைக் கதிரவனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நரம்புகள் ஆங்காங்கே வெளிறித் தோன்றும்.

ஜம்பிரியிலும் குறை இருந்தது. அதன் வேர் அழுகல் நோய்களுக்கு எளிதில் ஆட்படுகிறது; ஏழெட்டு ஆண்டு செழித்த மரம் திடீரெனக் காய்ந்து நிற்கும் காட்சி இச்சீமையின் தோட்டக்காரருக்குப் பழகிப்போனது. எந்த வேர் எம்மண்ணுக்கு ஏற்றது என்னும் ஆய்வு, சென்னை மாகாணக் காலத்திலேயே, 1930களில் கோடூருக்கு அண்மையில் அனந்தராஜுப்பேட்டையில் அமைந்த பழ ஆய்வு நிலையத்தில் வேரூன்றியது. அங்குப் பணியாற்றிய கே. சி. நாயக் 1949-இல் தென்னிந்தியப் பழங்களைப் பற்றி வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. பின்னர்த் திருப்பதியின் எலுமிச்சையின ஆய்வு நிலையம் அப்பணியைத் தொடர்ந்தது. சாத்துக்குடிக்கு ரங்பூர் எலுமிச்சையின் வேர் மேலானது என்று இங்கே கண்டனர். வறட்சியை அது தாங்கும், சிறிது உப்பு நீரையும் பொறுக்கும், டிரிஸ்டெசாவுக்கும் அசையாது. ரங்பூர் இன்று வங்காளதேசத்தில் உள்ள நகரம். பிரேசில் தன் துயரத்திலிருந்து மீண்டதும் இதே எலுமிச்சையின் வேரைப் பற்றிக்கொண்டுதான் என்பது வியப்புக்குரியது. அங்கும் கதை முடியவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ரங்பூர் வேரில் நின்ற மரங்களையே குறிவைத்து, திடீர்ச் சாவு என்று பெயரிடப்பட்ட புதுநோய் ஒன்று பிரேசிலில் தலைகாட்டியது. ஒரே வேரை ஊர் முழுதும் நம்புதல் நல்லதன்று என்று நாம் எண்ணுவது இதனால்தான்.

இவற்றினும் கொடியது கிரீனிங் என்னும் நோய். இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகள் படரும். நடுநரம்பின் ஒரு பக்கம் போல் மறுபக்கம் இராது. துத்தநாகக் குறையால் வரும் மஞ்சளோ இரு பக்கமும் ஒத்திருக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் ஆண்டுக்கணக்கில் சத்து மருந்து தெளித்து ஏமாறுவோர் பலர். நோய் முற்றினால் காய் கோணி, கசந்து, பழுத்தும் அடிப்பகுதி பச்சையாகவே நிற்கும். சீனத்தில் லின் குங்-சியாங், இந்நோய் ஒட்டுக் குச்சியின் வழியே பரவும் என்று 1956-இல் காட்டினார். நம் நாட்டுத் தோட்டங்களின் நலிவுக்கு இதுவும் காரணம் என்பதை, ஆஸ்திரேலிய ஆய்வாளர் லிலியன் ஃபிரேசரும் உடன் ஆய்ந்தோரும் 1966-இல் எடுத்துரைத்தனர். அடுத்த ஆண்டு, கபூரும் அவர்தம் துணைவரும் சைலிட் என்னும் சிறு பூச்சியே இந்தியாவில் இதைப் பரப்புவது என்று நிறுவினர். நோயுற்ற மரத்தைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை.

கறிவேப்பிலையின் கதை இங்கேதான் வருகிறது. அந்தப் பூச்சிக்குக் கறிவேப்பிலையின் தளிர் உணவும் தொட்டிலும் ஆகும். கறிவேப்பிலை வாடுவதில்லை, அதில் பெருகிய பூச்சி பக்கத்துச் சாத்துக்குடியை நாடும். கிணற்றடியில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தோளோடு தோள் நிற்பதுதான் நம் கொல்லைகளின் அழகு. இரண்டையும் வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்லார். தளிர்விடும் பருவத்தில் இரண்டின் தளிரையும் புரட்டிப் பார்ப்பதும், பூச்சி கண்ட கறிவேப்பிலைக் கொழுந்தை ஒடித்து அழிப்பதும் போதிய தொடக்கம்.

கடல் கடந்து வாழும் குடும்பங்களுக்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. ஃபிளாரிடாவில் இப்பூச்சி 1998-இலும் நோய் 2005-இலும் கண்டறியப்பட்டன. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில், 2022-23 பருவத்தில் 1.6 கோடிப் பெட்டியே விளைந்தது. புயலும் சேர்ந்து அடித்ததுண்டு, எனினும் நோயே முதற்காரணம். கலிஃபோர்னியாவில் 2012-இல் முதன்முதல் நோய் கண்ட மரம் பெருந்தோட்டத்தது அன்று. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஒரு வீட்டின் பின்புறத்தில், பல வகை ஒட்டுகள் கட்டப்பட்டு நின்ற ஒற்றை மரம். ஊர் சென்று திரும்புகையில் பாட்டி வீட்டு நாரத்தைக் குச்சியையோ ஒரு பிடி பச்சைக் கறிவேப்பிலையையோ பெட்டியில் வைத்து வருவது நம்மவரின் பாசம். அமெரிக்க விமான நிலையங்களில் அதைப் பறித்துக்கொள்ளும் அலுவலரை நாம் கடிந்துகொள்கிறோம். குச்சியில் நோய் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இலையின் அடியில் ஒட்டிய முட்டையும் தெரியாது. பாட்டி வீட்டு மரத்தின் சுவையை நினைவில் கொண்டு வரலாம். மரத்தை அங்கேயே விட்டுவருதல்தான் தகும்.

கன்று வாங்குகையில் அதன் உயரத்தையும் பசுமையையும் பார்ப்பதே நம் வழக்கம். தாய்மரம் எது, வேர்ச்செடி எது என்று கேட்பவர் அரியர். சந்தையில் வண்டியில் வரும் கன்றினும், ஆய்வு நிலையமோ பல்கலைக்கழகமோ தரும் கன்று சிறிதாயினும் ஏற்றது. நாகபுரியில் 1985-இல் நிறுவப்பட்ட நடுவண் ஆய்வு நிலையம், நுனித்தளிரை நுண்ணிதின் ஒட்டி நோயற்ற தாய்மரங்களை உருவாக்கும் முறையைக் கையாண்டு வருகிறது. எலுமிச்சைக்கு மட்டும் விதைக்கன்றே போதும். அதன் விதையிலிருந்து பெரும்பாலும் தாயை ஒத்த கன்றே முளைக்கும், விதை வழியே டிரிஸ்டெசா வருவதும் இல்லை.

நடும்போது ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருத்தல் வேண்டும். மேட்டில் நட்டு, தண்டைச் சுற்றி ஓர் உள்வட்டக் கரை எழுப்பி, அதற்கு வெளியே உள்ள வட்டப் பாத்தியில் மட்டும் நீர் விட்டால் அடித்தண்டு நனையாது. அசோர்ஸ் தீவைக் கெடுத்த நோயைத் தடுக்க இதனினும் மலிவான வழி இல்லை. மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் அடித்தண்டில் போர்டோ பசை பூசலாம். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்பது அதன் அளவு. வீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே மிகுதி. பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்களுக்காக மில்லார்டே 1885-இல் வெளியிட்ட கலவையின் வழிவந்தது இப்பசை.

வாங்கிய நாளில் இனித்த மரம் இப்போது புளிக்கிறது, மண் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுவோரைக் காண்கிறோம். மண்ணின்மேல் பழி இல்லை. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி விட்ட தளிரை ஒடிக்காமல் விட்டதால், அது ஓங்கி மேல்மரத்தை அடக்கிவிட்டது. சிறிதாய்ச் செம்மஞ்சளாய்க் காய்த்துப் பல்லைக் கூசவைக்கும் அக்கனி சாத்துக்குடி அன்று, ரங்பூர் எலுமிச்சை. ஊறுகாய்க்கு அது குறைவுபட்டதும் அன்று.