பெயர் பெற்றவன் கொலைகாரன் மட்டும்

1989 ஜூன் மாதம். கல்கத்தாவின் தெருவோரத்தில் படுத்துறங்கிய ஒருவர் தலையில் அடிபட்டு இறந்தார். அடுத்த ஆறு மாதங்களில் மேலும் 12 பேர். எல்லாருமே வீடற்றவர்கள், வெளிச்சம் குறைந்த இடத்தில் தனியாகத் தூங்கியவர்கள். பெரும்பாலான கொலைகள் ஹவுரா பாலத்தை ஒட்டிய பகுதியில் நடந்தன. பாறாங்கல்லையோ கான்கிரீட் பாளத்தையோ தூக்கித் தலையில் போட்டிருந்தான் கொலைகாரன். ஆங்கிலப் பத்திரிகைகள் அவனுக்கு 'ஸ்டோன்மேன்' என்று பெயர் சூட்டின.

போலீஸ் இரவெல்லாம் ரோந்து வந்தது. சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து விசாரித்தது. கொலைகள் நின்றன, ஆனால் சாட்சியும் இல்லை, தடயமும் இல்லை. பிடித்தவர்களை விட்டுவிட வேண்டியதாயிற்று. வழக்கு இன்றுவரை துலங்கவில்லை.

இதற்கு முன்பே, 1985 முதல், பம்பாயில் தமிழர் நிறைந்த மாட்டுங்காவை அடுத்த சயான், கிங்ஸ் சர்க்கிள் பகுதிகளில் இதேபோல் பன்னிரண்டு பேர் வரை மாண்டார்கள். தப்பியவர் ஒரே ஒருவர், உணவகப் பணியாளர். இருட்டில் அவரால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவை ஒரே கையின் வேலை என்று போலீசுக்குப் புரிந்ததே ஆறாவது கொலைக்குப் பிறகுதான். ஏன் அவ்வளவு தாமதம்? கொலை விசாரணை இறந்தவரிடமிருந்துதான் தொடங்கும்: யார் இவர், கடைசியாக யாரோடு இருந்தார், யாருக்குப் பகை? இங்கே பல உடல்களை அடையாளம் காட்டக்கூட ஆள் வரவில்லை. முதல் கேள்விக்கே பதில் இல்லை.

ஹாலி ரூபன்ஹோல்டு எழுதி 2019இல் வெளிவந்த 'தி ஃபைவ்' நூலைப் படித்தபோது இது இன்னும் அழுத்தமாக உறைத்தது. 1888இல் லண்டனை நடுங்கவைத்த 'ஜாக் தி ரிப்பர்' யார் என்று நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ புத்தகங்கள் தேடின. ரூபன்ஹோல்டு அவனை ஒதுக்கிவிட்டு, கொல்லப்பட்ட ஐந்து பெண்களின் வாழ்க்கையை எழுதினார். மேரி ஆன் நிக்கோல்ஸ் அச்சுத் தொழிலாளியின் மனைவியாக இருந்தவர். இறந்த இரவில் விடுதிப் படுக்கைக்கு நான்கு பென்ஸ் இல்லாமல் தெருவில் நின்றவர். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் தூக்கத்திலேயே தாக்கப்பட்டார்கள் என்கிறார் ரூபன்ஹோல்டு. லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே நூறாண்டு இருந்தும், படுக்க ஓர் அறை இல்லாததே இரு ஊரிலும் உயிரைக் குடித்திருக்கிறது.

அந்த ஐவருக்காவது மரண விசாரணை பற்றிய பத்திரிகைச் செய்திகள் எஞ்சின. அதனால் 130 ஆண்டு கழித்தும் ஒருவரால் அவர்களை எழுத முடிந்தது. கல்கத்தாவின் 13 பேரை எதை வைத்து எழுதுவது?

நம் ஜார்ஜ் டவுனிலும் கடைகள் அடைத்த பிறகு அஞ்சடி நடைபாதையில் அட்டையை விரித்துப் படுப்பவர்கள் உண்டு. காலையில் அவர்களைத் தாண்டித்தான் கடை திறக்கிறோம். அவர்களிடம் பெயரையும் ஊரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒருவரைக் காணோம் என்றால், தேடச் சொல்லி போலீசிடம் போக ஓர் ஆளாவது இருக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: 1968இல் பம்பாய் போலீசிடம் சிக்கிய ராமன் ராகவ்)